முப்பந்தல் காத்துல எனக்கு முன்னால போனவரு

பேயப் பாத்தேன், நெழலப் பாத்தேன்னு யாராவது வந்து சொன்னா, ‘காலையில என்ன மக்கா தின்ன?’ன்னு கேக்குத ஆளு நான். சிரிக்காதீங்க, நீங்களும் இப்பம் அதத்தான் கேக்கப் போறீய. கேளுங்க, ஆனா முழுசையும் கேட்டுட்டுக் கேளுங்க. எனக்கு இதுல பயத்த விட ஆத்திரம்தான் கூடுதல்.

நான் சைக்கிள் ரேஸ் ஓட்டுதவ. எங்கப்பாவுக்குத் தோவாளையில பூ யாவாரம். பொம்பளப் பிள்ள ரோட்டுல கெடந்து சைக்கிள் மிதிக்கான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் எளக்காரம். அப்படி இருக்கயில, வெளிநாட்டு ரேஸுக்கு இந்தியா டீம்ல ஒருத்திய எடுக்கதுக்கு நம்ம ஆரல்வாய்மொழி ரோட்டுலயே தேர்வு வச்சாங்க. டைம் ட்ரையல்னு சொல்லுவோம். ஒவ்வொருத்தியா இடைவெளி விட்டு அனுப்புவாங்க, தனியாத்தான் ஓட்டணும். இன்னொரு சைக்கிளுக்குப் பின்னால ஒட்டிக்கிட்டுப் போனா நம்ம மேல காத்து அடிக்காது, பாதி கஷ்டம் போயிரும். அதனால இதுல அது கள்ளத்தனம், பிடிச்சா வெளிய அனுப்பிருவாங்க.

ஆனி மாசம், காலையில நல்ல வெளிச்சம். போகும்போது காத்து முதுகுல பிடிச்சுத் தள்ளிச்சு. முப்பந்தல் தாண்டித் திரும்புனேன் பாருங்க, மூஞ்சிலயே அறைஞ்சுது. காலு ரெண்டும் கல்லாட்டம் ஆயிட்டு. அப்பம் திடீர்னு காத்து இல்ல. ரோட்டோரத்துப் புல்லு தரையோட படுத்துக் கெடக்கு, அங்க காத்து அடிக்கு, எனக்கு மட்டும் இல்ல. முன்னால ஒரு சைக்கிள் போனா எப்படி இருக்குமோ அப்படி. சத்தியமாச் சொல்லுதேன், முன்னால ஒரு மனுசரும் கிடையாது, வெறும் ரோடு. சரி, கர்த்தர் எரங்கிட்டாருன்னு நெனச்சு மிதிச்சேன். நேரக் கணக்குல நாந்தான் முதல்ல வந்தேன்.

ரிசல்ட்ல எம் பேரு இல்ல. பின்னால கார்ல வந்த நடுவர், கோயம்புத்தூர்க்காரரு, நான் ஒருத்தர் பின்னால ஒட்டிக்கிட்டு வந்தேன்னு எழுதிக் குடுத்துட்டாரு. எனக்குத் தலைக்கேறிட்டு. “யாரு பின்னால? அவளக் கூப்பிடுங்க, நான் பாக்கணும்!”னு கத்துனேன்.

“அவள் இல்லம்மா, ஆம்பள. வயசானவர். தோல் வார்ல செஞ்ச பழைய காலத்துத் தொப்பி. ஹாரன் அடிச்சும் விலகல. அவர் சக்கரத்த ஒட்டியே வந்தீங்க, என் கண்ணால பாத்தேன்”னாரு.

கார்ல கூட இருந்த பொண்ணு போன்ல எடுத்த வீடியோவப் போடச் சொன்னேன். ரோட்டுல நான் ஒருத்திதான். எம் முதுகுல குத்துன நம்பர் பேப்பர் மத்த எடமெல்லாம் படபடன்னு அடிக்கு, காத்து நின்ன அந்த எடத்துல மட்டும் அசையவே இல்ல. நடுவருக்கு மூஞ்சி வெளிறிட்டு. வெளிறி என்னத்துக்கு? எழுதுனது எழுதுனதுதான்னுட்டாங்க. ரெண்டாவது வந்தவ பிளேன் ஏறிட்டா, என்னைய ஊருல கள்ளிங்காங்க. நம்புனா நம்புங்க, எனக்கு நடுவர் மேல கூட அவ்வளவு இல்ல. முன்னால போனாருல்லா, அவரு மேலதான் கொதிக்கு. உதவி செய்யணும்னா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுல்லா செய்யணும்?

போன மாசம் அதே ரோட்டுல பயிற்சிக்குப் போனேன். அதே எதிர்காத்து, அதே எடம், காத்து நின்னுட்டு. “ஓய், விலகும் ஓய்! எம் பொழப்பக் கெடுத்தது போதாதா?”ன்னு தொண்ட கிழியக் கத்துனேன். கத்தி வாய மூடல, காத்து மொத்தமா மூஞ்சில வந்து விழுந்துது. சொன்னதக் கேட்டு விலகிட்டாரு.

ஆனா கூட்டமா ஓட்டும்போது எங்களுக்குள்ள ஒரு முறை உண்டு, பாத்துக்கிடுங்க. முன்னால போயி எதிர்காத்த மூஞ்சில வாங்குனவன் களைச்சு விலகுனா, ஓடிப் போக மாட்டான். பின்னால வந்து ஒட்டிக்கிட்டு களைப்பாறுவான், அதுவரைக்கும் அடுத்தவன் முன்னால நின்னு காத்த வாங்கணும். அன்னைக்கு எனக்குப் பின்னால செயின் ஓடுத சத்தம் கேட்டுது. வயசானவங்க மூச்சு வாங்குவாங்கல்லா, அதுவும் கேட்டுது. திரும்பிப் பாத்தா ஒண்ணும் இல்ல. அன்னையிலருந்து எந்த ரோட்டுல போனாலும் கூடவே வருது. எனக்கும் ஒரு மாதிரி பழகிட்டு, வந்தா வந்துட்டுப் போட்டும்னு விட்டுட்டேன்.

நேத்து செயின் சத்தம் இருந்துது, மூச்சு வாங்குத சத்தம் இல்ல. களைப்பு தீந்துட்டுன்னா அவரு திரும்ப முன்னால வரணும், அதுதான் முறை. அடுத்த தேர்வு வர்ற சனிக்கிழமை.