பார்வையைத் தாழ்த்தியவர்

அந்த ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் மடிப்புக்காரியைத் தெரியாதவர்கள் இல்லை. எவ்வளவு பெரிய படுக்கை விரிப்பும் அவள் கையில் நாலு உதறலில் அடங்கிவிடும். ஆனால் அவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணமான மறுநாள் கட்டிய முகத்திரை, இருபத்திரண்டு வருடம் ஆகிவிட்டது. கடல் தாண்டி இந்த நாட்டுக்கு வந்த பிறகும் வீட்டுப் படி இறங்கினால் கண் மட்டும்தான் வெளியே.

ஒரு திங்கட்கிழமை கூடத்துச் சுவரில் தாள் ஒன்றை ஒட்டினார்கள். பக்கத்து மேசையில் தலையணை உறை மாட்டும் சிநேகிதி நம் பாஷைக்காரி. அவள்தான் படித்துச் சொன்னாள்.

“கட்டடத்துக்குள்ள எல்லார் முகமும் தெரியணுமாம்க்கா. அடுத்த வாரத்திலேர்ந்து. தலைத்துணியப் பத்தி ஒண்ணும் போடல.”

“தெரியலேன்னா?”

“உங்க வீட்டுத் துணிய உங்க வீட்லயே மடிச்சிட்டிருங்க.”

மடிப்புக்காரி சிரிக்கவில்லை. கோபமும் வரவில்லை. வண்டியிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்தாள்.

வேலையை விட்டுவிடலாம்தான். அடுப்பு எரிய அவள் புருஷனின் எலக்ட்ரீஷியன் சம்பளம் போதும். ஆனால் போன வருடம் ஒரே மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அன்றிலிருந்து தனியே வீட்டில் உட்கார்ந்தால் நாலு சுவரும் அவளையே பார்க்கும். எதையாவது மடித்துக்கொண்டிருந்தால்தான் பொழுது நகரும். அதற்காகத்தான் இங்கே வந்து சேர்ந்தாள். இதுவும் போனால் என்ன செய்வாள்?

புருஷனிடம் கேட்டாள். “எனக்கென்ன தெரியும், ஹஜ்ரத்கிட்ட கேளு” என்றார். ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு போன் போட்டாள்.

“முகத்தத் திறந்தா பாவமா ஹஜ்ரத்?”

“மூடணும்னு சொல்ற மார்க்கம் படிச்ச ஆலிம்கள் இருக்காங்கம்மா. முகமும் முன்கையும் திறந்திருக்கலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க, அவங்களும் பெரியவங்கதான். ஹஜ்ஜுல இஹ்ராம்ல இருக்கிற பொம்பள முகத்திரை கட்டுறதில்லையே. அந்த நாட்டுல நெருக்கடின்னா உள்ள திறந்துக்குங்க. தெருவுல யாரும் தடுக்கலேன்னா கட்டிக்குங்க. அல்லாஹ் மனசப் பார்க்கிறவன்.”

“மனசுதான் ஹஜ்ரத், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது.”

“உங்களுக்காக துஆ செய்றேம்மா” என்றார்.

குறித்த நாளில், வாசலைத் தாண்டியதும் முகத்திரையை அவிழ்த்துப் பையில் வைத்தாள். உயிரே போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. வெட்கம்கூட வரவில்லை. உலர்த்தும் எந்திரத்தின் சூடான காற்று கன்னத்தில் பட்டது, அவ்வளவுதான். வெட்கம் வராததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. வெட்கம் ஈமானின், இறைநம்பிக்கையின், ஒரு கிளை என்பார்கள்; அதுவே வற்றிப்போனதோ?

மேற்பார்வைக்காரி வந்து, இன்னும் வேகமாக மடிக்கச் சொன்னாள். மடிப்புக்காரி வழக்கம்போல அவளைப் பார்த்து வாயைக் கோணலாக இழுத்தாள். துணிக்குள்ளேயே செய்து பழகிய காரியம். மேற்பார்வைக்காரி அப்படியே நின்றுவிட்டாள்.

“அக்கா! இத்தன நாளா உள்ள இதத்தான் பண்ணிட்டிருந்தீங்களா?” என்று சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். “இனிமே எல்லாம் தெரியும், வாய அடக்குங்க.”

மூன்றாம் நாள் மத்தியானம், வீட்டுச் சாவியை மறந்த புருஷன், போன் பண்ணிவிட்டு, அதை வாங்கிப் போகக் கூடத்துக்கே வந்தார். அவள் சாவியோடு வாசலுக்கு வந்து நின்றாள். அந்நியப் பெண் எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்கிறவர் அவர். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் ‘தரை இன்ஸ்பெக்டர்’. வாசலில் முகம் திறந்த பெண் ஒருத்தி நிற்கிறாள் என்று கண்டதும் தலையைக் குனிந்து, ஒதுங்கி வழி விட்டார். அவளைத் தாண்டிப் போய், கூடத்துக்குள் பழக்கத்தில் கறுப்பு முகத்திரையைத் தேடினார்.

“என்னங்க, நான்தான்.”

குரல் கேட்டுத்தான் திரும்பினார். நிமிர்ந்தார். “அட! வெளியிடத்துல உன் முகத்த நான் பார்த்ததே இல்லையே...”

“என்னண்ணே, இப்பதான் பொண்ணு பார்க்க வந்தீங்களா?” என்றாள் சிநேகிதி.

அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பார்த்தவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் வெயில் அவள் நெற்றியிலும் மூக்கிலும் நேராக விழுந்திருந்தது.

“பிள்ளைக்கு அப்படியே உன் முகம்” என்றார் மெதுவாக. “வீட்டு லைட்ல எனக்குத் தெரியவே இல்ல.”

அவள் சாவியை நீட்டினாள். “வேலைய விட்டுறட்டுமா?”

“விடாத. இங்க இருக்கிற வரைக்கும் இப்படியே இரு. வெளிய வந்ததும் கட்டிக்க.” சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அழுகை வரும் போலிருந்தது. வரவில்லை. மூக்கு மட்டும் லேசாகக் கரித்தது, உதடு ஒரு பக்கமாக இழுத்தது. மறைக்கத் துணியில்லை. சிநேகிதி பார்த்துவிட்டாள். மேசையின் அந்தப் பக்கமாகத் திரும்பி, ஏற்கெனவே உறை மாட்டிய தலையணை ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.