சாட்சி சொன்ன பிறகு விழுங்காத மாத்திரைகள்

2024 ஜூன் 2, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். விடியற்காலையில் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. வெயில் இல்லை, புழுக்கம் மட்டும். ஆம்பூரில் எங்கள் ஆலயத்தில் திருவிருந்து. என் மனைவி எஸ்தர் அப்பத்தை வாயில் வைத்தாள். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அவளால் விழுங்க முடியவில்லை. முழங்காலில் நின்றபடியே கண்ணீர் வடிந்தது. கடைசியில் அதைக் கைக்குட்டையில் எடுத்து மூடிக்கொண்டாள். கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் கர்த்தருடைய பந்தியிலிருந்து அவள் அப்படி எழுந்து வந்ததில்லை.

பிரியமானவர்களே, இது எப்படி வந்தது என்று சொல்லாமல் ஆண்டவர் செய்ததைச் சொல்ல முடியாது. சொல்லும்போது கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஸ்தருக்குச் சர்க்கரை வியாதி. மேல்வரிசை முழுவதும் பல் செட்டு. அதற்கு முந்தின வருடம் அவள் நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளை படிந்தது. ஊர் டாக்டர் பார்த்துவிட்டு, கேண்டிடா என்கிற பூஞ்சைக் கிருமி, எல்லார் வாயிலும் சும்மா கிடப்பதுதான், சர்க்கரை ஏறினால் பெருகிவிடும் என்றார். பதினான்கு நாளைக்கு மாத்திரை எழுதினார். மூன்றாம் நாளே வெள்ளை போய்விட்டது. நன்றாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, பெண்கள் ஜெபக்கூட்டம். அதை நடத்தும் சரோஜா அம்மாள் பாட்டு முடிந்ததும் எப்போதும் கேட்பதுபோல, "இந்த வாரம் யாருக்குச் சாட்சி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். எஸ்தர் எழுந்து, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சொல்லிவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்தவள் மாத்திரை அட்டையைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

"இன்னும் பதினோரு மாத்திரை பாக்கி இருக்கு" என்றேன்.

"இன்னாங்க நீங்க. சாட்சி சொல்லிட்டு வந்து மாத்திரை போட்டா, கர்த்தர பொய்யராக்குற மாதிரி ஆவாதா?"

"அந்த மாத்திரையையும் அவர்தானே குடுத்தாரு?"

"உங்க கிட்ட பேச முடியாது. எல்லாத்தயும் எண்ணிக்கினே இருப்பீங்க."

இரண்டு நாளில் அந்த அட்டை வீட்டில் இல்லை. பக்கத்துத் தெரு சகோதரிக்கும் வாயில் அதே வெள்ளை என்று கொடுத்துவிட்டாளாம். அவரும் மூன்று போட்டுவிட்டு மிச்சத்தை இன்னொருவருக்குக் கொடுத்தாராம். இதற்குப் பெயர் அன்பின் காணிக்கையாம்!

ஒன்றரை மாதத்தில் வெள்ளை திரும்ப வந்தது. இம்முறை டாக்டரிடம் போகவில்லை. நேராக மருந்துக் கடை. சீட்டு கேட்கவில்லை, சர்க்கரை எவ்வளவு என்று கேட்கவில்லை. கத்தரிக்கோலால் மூன்று மாத்திரை வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். "மூணு போதுமா?" என்று கேட்டேன். "அதுவே ஜாஸ்தி சார். அம்மாவுக்கு ரெண்டுலயே கேக்கும்" என்றார். உப்பு புளி விற்பதுபோல் மருந்து விற்கிறார்கள். கேட்பார் இல்லை.

இப்படியே மூன்று மாத்திரை, ஒரு சாட்சி, ஒரு மாத இடைவெளி. மறுபடியும் வெள்ளை. நான் முப்பத்தொரு வருடம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் ரசாயனக் கிடங்கு பார்த்தவன். ஈரத் தோலை அடுக்கி வைக்கும் முன் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து கலப்போம். அளவில் ஒரு கிலோ குறைத்துக் கலக்க எங்கள் மேனேஜர் விடமாட்டார். பத்து நாளில் தோல் முழுவதும் பூத்துவிடும், கப்பலேறும் சரக்கு குப்பைக்குப் போகும். ஆட்டுத் தோலுக்குக் கொடுத்த மரியாதையை என் மனைவியின் தொண்டைக்கு இந்த ஊரில் ஒருவரும் கொடுக்கவில்லை. போதகரிடம் போய் முறையிட்டேன். "விசுவாசத்துல சொல்றாங்க ஐயா, தடுக்காதீங்க" என்றார்.

அந்தத் திருவிருந்துக்குப் பிறகு கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. பதினோரு கிலோ எடை குறைந்திருந்தாள். புதன்கிழமை வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாய் முழுவதும் வெள்ளை.

சின்ன வயது டாக்டரம்மா என்னிடம் கேட்டார்: "ஐயா, இந்த மாத்திரைய எத்தன தடவ போட்டிருக்காங்க?"

"ஒம்பது தடவ."

"முழுசா?"

"ஒரு தடவகூட இல்லம்மா."

அவர் அதை அப்படியே சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "பாதி பாதியா குடுத்து அந்தக் கிருமியப் பழக்கிட்டீங்க. இப்ப அது மாத்திரைக்கு அடங்காது. ஊசி ஒண்ணு இருக்கு. அதுக்காவது அடங்குதான்னு டெஸ்ட் அனுப்பியிருக்கோம். நாலு நாள் ஆகும்." அதற்கும் அடங்காவிட்டால் என்று நான் கேட்டேன். அவர் சீட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நான் வராண்டா சுவரைப் பார்த்து நின்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. சண்டை போட்டேன். "ஆண்டவரே, நீர் மருந்து கொடுத்தீர், நாங்கள் உம்முடைய பெயரைச் சொல்லியே அதைப் பாழாக்கினோம். அவள் உமக்காகத்தான் அந்தத் தப்பைச் செய்தாள். எல்லாக் கதவையும் நாங்களே அடைத்துவிட்டோம். ஒரு கதவையாவது நீர் திறந்து வைத்திரும். அவள் ஒரு வாய் விழுங்கட்டும்." நாலு நாளும் அதே ஜெபம்தான். வேறு வார்த்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்தில், டாக்டரம்மா வார்டுக்கு வந்தார். "ஐயா, ஊசிக்கு அடங்குது" என்றார். நான் அப்படியே கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கர்த்தர் அந்த ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார்.

ஊசி மருந்தைப் பதினான்கு நாள் நரம்பில் ஏற்றினார்கள். சர்க்கரையையும் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். ஆறாம் நாள் காலை எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். "கஞ்சி கொஞ்சம் குடுங்க. உப்பு போட்டு." ஒரு கரண்டி கொடுத்தேன். விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன். "எண்ணாதீங்க, குடுங்க" என்றாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது கரண்டி.

வீட்டுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. சரோஜா அம்மாள் ஆவலாக, "எஸ்தரு, எழுந்து சாட்சி சொல்லும்மா" என்றார்.

எஸ்தர் எழுந்திருக்கவில்லை. "இன்னும் மூணு நாளு வாய்க்குச் சொட்டு மருந்து பாக்கி இருக்குக்கா. முடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

ஒருவரும் கைதட்டவில்லை. எனக்கு அல்லேலூயா என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

அடுத்த திருவிருந்தில் அவள் அப்பத்தை விழுங்கினாள். கைக்குட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள்.

சகோதர சகோதரிகளே, கர்த்தரை நம்புங்கள். நாம் கெடுத்ததையும் சரிசெய்கிறவர் அவர். ஆனால் அவர் கொடுத்த மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவர் பெயரைச் சொல்லாதீர்கள். கடைசி மாத்திரையையும் விழுங்கிவிட்டு, தண்ணீரும் குடித்துவிட்டு, அதன் பிறகு எழுந்து நின்று சாட்சி சொல்லுங்கள். மிச்ச மாத்திரையை யாருக்கும் தானம் செய்யாதீர்கள்.

அன்று அவள் அலமாரியில் வைத்த பதினோரு மாத்திரையின் விலை நூற்று முப்பத்திரண்டு ரூபாய். ஆஸ்பத்திரி, ஊசி, வண்டி எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது ஒரு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று எண்பது ரூபாய்.