பள்ளம் காட்டும் கை

மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியலில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்புக்கு அந்த வக்கீலின் பின்னால் சைக்கிள் மிதித்திருக்கிறேன். ஒல்லியான மனிதர். எவ்வளவு வியர்த்தாலும் ஹெல்மெட்டுக்குக் கீழே திருமண் கலையாது. பள்ளம் வந்தால் திரும்பிப் பார்க்காமலே இடது கையை நீட்டிக் காட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் நான் வயலையும் மலையையும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.

ஒருநாள் போன் செய்தார். "முட்டி போச்சு அண்ணாச்சி. இனிமே சைக்கிளையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

மனசு கேட்காமல், ஒரு மாதம் கழித்துப் பால்கோவா வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மாடியில் சக்கரம் சுற்றும் சத்தம். ஏறிப் பார்த்தால், சைக்கிளின் பின்சக்கரத்தை ஸ்டாண்டில் மாட்டி, டிவியைப் பார்த்தபடி வேகமாக மிதித்துக்கொண்டிருந்தார். டிவியில் அவர் மிதிக்க மிதிக்க நகரும், மேடே இல்லாத ரோடு, இருபுறமும் பச்சை வேலி, ஆள் நடமாட்டமே இல்லை.

"இங்கிலாந்து" என்றார், மிதிப்பதை நிறுத்தாமல்.

"முட்டி வலின்னீங்களே, சார்?"

"ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்ல, அண்ணாச்சி? அங்கன்னா பின்னால வாரவுகளுக்காக மெதுவா மிதிக்க வேண்டாம்ல."

பால்கோவாவைக் கொடுக்காமலே திரும்பினேன். படியருகே ஒருமுறை பார்த்தேன். டிவி ரோட்டில் ஒரு பள்ளம் வந்தது. அவருடைய இடது கை தானாக நீண்டது.

அது எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. இப்போது தனியாகத்தான் போகிறேன். கண் ரோட்டைவிட்டு நகர்வதில்லை. மலையைப் பார்த்து மாதக்கணக்காகிறது.