நன்றி நவிலலும் நகர்ந்த படங்களும்

தங்கச்சியின் நடன அரங்கேற்ற மலரை வேர்டில் அமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் கந்தோருக்கு வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். கந்தோர்க்காரிக்குக் கொம்பியூட்டரில் எல்லாம் வரும் என்பது அப்பாவின் நம்பிக்கை.

எழுத்து அடிப்பது எனக்குப் பெரிய காரியமில்லை. படங்கள்தான் என்னைப் பேய்க்காட்டின. படம் ஒரு வரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மேலே வரி கூடினால் படமும் இறங்கும். இடம் போதாவிட்டால் தலைப்பைத் தனியே விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்கே ஓடிவிடும். அப்பாவோ, வெளிநாட்டுச் சொந்தங்கள் கடைசிப் பக்கம்வரை புரட்டமாட்டார்கள் என்று, நன்றி நவிலலை முதல் பக்கப் பிள்ளையார் படத்துக்குக் கீழேயே போடச் சொல்லிவிட்டார்.

"கனடாப் பெரியப்பாவை விட்டிட்டாய், பிள்ளை."

பெரியப்பா உள்ளே வர, மிருதங்க வித்துவான் பாதி வெளியே போனார். லண்டன் மாமி வர, நடன டீச்சர் பக்கம் மாறிப் போனார். தங்கச்சி கட்டிலில் விழுந்து புரண்டு சிரித்தாள். எனக்கு லாப்டொப்பைக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது. கடலும் பக்கத்தில்தான்.

டீச்சர் பக்கம் மாறுவது மட்டும் சிரிக்கிற விஷயமில்லை. இன்னொரு பிள்ளையின் மலரில் தன் படம் பின்னுக்குப் போனதற்காக, நட்டுவாங்கம் செய்ய வரமாட்டேன் என்று நின்றவர் அவர். அவர் வராவிட்டால் தங்கச்சிக்கு அரங்கேற்றமே இல்லை.

ஒருவழியாக எல்லாரையும் அடக்கி இருத்தி, கொட்டாஞ்சேனை அச்சகத்துக்கு அனுப்பினேன். மாதிரிப் பிரதி பார்க்க அப்பாவும் தங்கச்சியும் நானும் போன அன்று டீச்சரும் எங்களோடு வான் வண்டியில் ஏறிவிட்டார். புறக்கோட்டை நெரிசலில் அப்பா என் காதுக்குள் சொன்னார்:

"நான் பிறஸுக்குப் போன் பண்ணி நன்றியில இன்னும் கொஞ்சப் பேரைச் சேர்க்கச் சொன்னனான். ஒஸ்ரேலியாச் சித்தப்பா கோவிப்பார்."

அப்படியென்றால் படங்கள் மறுபடியும் இறங்கியிருக்கும்.

அச்சகத்தில் டீச்சரே முதலில் பிரதியை வாங்கினார். 'எங்கள் குரு' என்ற தலைப்பின் கீழ் ஒன்றுமில்லை. அடுத்த பக்கத்தில் 'எங்கள் வீட்டுச் செல்ல மகள்'. அதன் மேலே மூக்குக் கண்ணாடியும் கொண்டையுமாக டீச்சர். அதற்கடுத்து 'மிருதங்க வித்துவான்' என்று தங்கச்சி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா சுவரிலிருந்த கலண்டரை அக்கறையாக வாசித்தார்.

"ஆர் செய்தது இது?"

"படம் தானா நகர்ந்திட்டுது, டீச்சர். இப்பவே திருத்திறன்."

"ஓம், திருத்தும். என்ர படம் முன்னுக்கு வரோணும்." பிறகு அந்தச் செல்ல மகள் தாளை மட்டும் உருவி எடுத்தார். "இது எனக்கு வேணும். ஆடப் போனன் எண்டு எங்கட அப்பா சாகும்வரைக்கும் என்னோட கதைக்கேல்லை."

அவர் தாளை மடித்துக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்தார். பிறகு தங்கச்சியின் தலையில் செல்லமாக ஒரு குட்டு.

"என்ன பாக்கிறீர்? மிருதங்க வித்துவான் நாளைக்கு வகுப்புக்கு நேரத்தோட வாரும்."