கும்பிடு பூச்சி செத்த நோன்பு நாள்

யுத்தம் முடிந்து ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். கற்பிட்டிப் பக்கத்தில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே கிடக்கிற மணல் காணி ஒன்றில் நாங்கள் மிளகாய் வைத்திருந்தோம். அது நோன்பு மாதம். கச்சான் காற்று நாள் முழுக்க மணலை அள்ளி முகத்தில் வீசிக்கொண்டிருந்தது.

வெட்கத்தை விட்டு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்களில் நான் ஒரு கும்பிடு பூச்சி வளர்த்தேன். சமையலறை யன்னல் ஓரம் தகர டின்னில் ஒரு தேசிக்கன்று, எலுமிச்சைதான், வைத்திருந்தேன். அதில் அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஈயைப் பிடித்து ஈர்க்கில் முனையில் நீட்டினால், தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பட்டென்று பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானோ நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறக்காதவள். அதனால் அதோடு கொஞ்சம் கதைப்பேன். என் கணவர் கேலி செய்வார்.

"கையத் தூக்கி துஆக் கேக்குது, வாயில பாத்தா ஈ. இந்த வீட்டுல நோன்பு புடிக்காத ஆள் இது மட்டும்தான்."

அன்று விடியுமுன் சாப்பிடுகிற சஹர் சாப்பாட்டுக்குப் பிறகு நான் படுத்துவிட்டேன். காற்று எழும்புவதற்கு முன்னால் அவர் மிளகாய்க்குப் பூச்சி மருந்து அடித்துவிட்டு, முதல் நாள் பறித்த மிளகாயை லொறியில் ஏற்றிக்கொண்டு புத்தளம் போய்விட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்து அடித்தால் காணி மூலையில் ஒரு குச்சியை நட்டு, சிவப்பு சொப்பிங் பேக் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். அது நிற்கும்வரை யாரும் அங்கிருந்து ஒரு இலையும் கிள்ளமாட்டார்கள். இவரும் கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறார். ஆனால் பழைய குச்சியைப் பிடுங்க மறப்பது அவருடைய பழக்கம். எழுந்து வந்த நான், அது போன கிழமைக் குச்சி என்று நினைத்தேன். காற்றில் சாய்ந்துகிடந்த பயற்றங்கொடிக்கு முட்டுக் கொடுக்க ஒரு தடி தேவையாக இருந்தது. பிடுங்கிக்கொண்டு போய் நட்டேன். பையை அவிழ்த்துச் சுருட்டி அடுப்பில் போட்டேன். மருந்து வாடை எங்கள் ஊரில் எப்போதும் இருப்பது. மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

புல்லுப் பிடுங்க இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருத்தி பக்கத்து வீட்டு ராத்தா. மற்றவள் கண்டக்குழியிலிருந்து வருகிற வேதக்காரப் பெண், மாதா கோயிலுக்குப் போகிறவள், மீன்பிடிக் குடும்பம். மிளகாய் வரிசைக்குள் தானாக முளைக்கிற கீரை, புல்லுப் பிடுங்குகிறவர்களுக்குச் சொந்தம். மூலையைப் பார்த்தார்கள், குச்சி இல்லை. பகல் போகும்போது ஆளுக்கு ஒரு பிடி கீரை கொண்டுபோனார்கள். நானும் அவர்களோடு நின்றபோது ஒரு சின்ன வெட்டுக்கிளியைப் பிடித்தேன். அது துள்ளவே இல்லை. சுலபமாகக் கையில் வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

அதைப் பூச்சிக்குக் கொடுத்துவிட்டுப் பகல் தொழுகையான லுஹர் தொழுதேன். வந்து பார்த்தால் பூச்சி மண்ணில் மல்லாந்து கிடந்தது. கால்கள் ஒவ்வொன்றாக வெட்டி வெட்டி இழுத்தன. தொட்டேன். விரலைப் பிடிக்க முன்கையைத் தூக்கியது, முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அசைவு நின்றுவிட்டது.

துள்ளாத வெட்டுக்கிளி அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் மருந்து வைக்கிற பெட்டியைத் திறந்தேன். புதுப் போத்தல் காலியாக இருந்தது. முதல் நாள் அதன் மூடிகூடத் திறக்கப்படாமல் இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

கணவருக்கு ஃபோன் எடுத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குள் நுழைந்தேன். ராத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கீரை சட்டியில் வெந்து தயாராக இருந்தது.

"ராத்தா, கீரை... தின்னவேணாம்."

"நோன்போட ஆரு புள்ள தின்னுற? உப்புக்கூடப் பாக்கல்ல. என்ன, மொகம் வெளுத்துக் கெடக்கு?"

சொன்னேன். துருவியதைப் போட்டுவிட்டு எழுந்தவர், சட்டியோடு கீரையைக் கொண்டுபோய்க் குப்பைக் குழியில் கொட்டினார். திரும்பி வரும்போது அவர் முகமும் வெளுத்திருந்தது.

"எனக்கு நோன்பு. அவளுக்கு ஏது நோன்பு? இந்நேரம் சோறு தின்டிருப்பாளே. போ புள்ள, ஓடு. தம்பிட திரீவீலு இரிக்கி. மருந்துப் போத்தலயும் எடுத்துக்க, டொக்டர் கேப்பாரு."

போத்தலைப் பையில் போட்டேன். செத்த பூச்சியையும் ஒரு நெருப்புப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டேன். தெரியாத ஆட்கள் முன்னால் எனக்குச் சொல் வராது, இதையாவது காட்டலாம் என்றுதான்.

ராத்தாவின் தம்பி ஓட்ட, வண்டி மணலில் புதைந்து புதைந்து போனது. அந்தப் பெண்ணுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள் என்பது எனக்குத் தெரியும். வழி முழுக்க அந்தப் பிள்ளைகள் கீரைச் சோற்றை வாயில் வைப்பது மாதிரியே கண்ணுக்குள் வந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறொன்றும் ஓதத் தோன்றவில்லை.

அவளுடைய வீடு எதுவென்று தெரியாது. கண்டக்குழிக் கரையில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெண்களிடம் போனேன். ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். நெருப்புப் பெட்டியைத் திறந்து நீட்டினேன்.

"இதென்ன, பூச்சி விக்க வந்திருக்கா?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

"செத்த பூச்சிய ஆரு வாங்குறது? கருவாடு போடவும் ஏலா." இன்னும் பெரிய சிரிப்பு.

"மருந்து," என்றேன். "மிளகா மருந்து. இது அதுல செத்தது. அந்தக் கீரையத்தான் உங்கட ஊர்ப்புள்ள கொண்டுவந்தது, எங்கட தோட்டத்துல வேல செய்யிற புள்ள."

சிரிப்பு நின்றது. பூச்சி விற்க வந்தவள் என்று கேலி செய்தவள்தான் முதலில் எழுந்தாள். வலையைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அந்தப் பெண் வாசலில் குந்தியிருந்தாள். சாப்பிட்டுவிட்டாள். நெற்றி வியர்த்து, வாயில் எச்சில் ஊறித் துப்பிக்கொண்டிருந்தாள்.

"வெயில் அடிச்சிட்டுதக்கா, தலையச் சுத்துது," என்றாள் என்னைப் பார்த்து.

"புள்ளையள்? புள்ளையள் தின்டதா?"

"அதுகளா? கீரை எண்டா மூஞ்சியத் திருப்பிருங்கள். மீன் பொரிச்சுக் குடுத்தன்."

நான் அந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னோடு ஓடிவந்தவள் என்னை அதட்டி எழுப்பினாள். இரண்டு பேருமாக அவளைத் தூக்கி வண்டியில் ஏற்றினோம். போகும் வழியில் அவள் என் மடியில் வாந்தி எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் போத்தலை வாங்கிப் பார்த்தார். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். பின்னேரம் அவளுடைய கணவன் வந்தான். கடலுக்குப் போகிற, ஓங்கின ஆள். நேரே என்னிடம் வந்தான்.

"மருந்தடிச்சா அடையாளம் வைக்கத் தெரியாதா உங்கட மனுசனுக்கு? ஏழையள் எண்டா புழு பூச்சியா?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். வாயில்லாத மனுசி, பாவம் என்று நினைத்திருப்பார்கள். குற்றம் வீட்டில் இல்லாத ஆளின் தலையில் இறங்கியிருக்கும். உண்மையைச் சொல்கிறேன், ஒரு கணம் அப்படி இருந்துவிடவும் நினைத்தேன். கூச்சத்துக்குப் பின்னால் ஒளிவது எனக்கு நன்றாகப் பழகியிருந்தது.

"அவர் வச்சவர்," என்றேன். "நான்தான் புடுங்கின. பழசு எண்டு நெனச்சுப் புடுங்கின. என்னைத்தான் நீங்க ஏசணும்."

அவன் என்னைப் பார்த்தபடியே நின்றான். பிறகு விறுவிறுவென்று வெளியே போனான். பொலிசுக்குத்தான் போகிறான் என்று நினைத்தேன். எங்கோ தூரத்தில் நோன்பு திறக்கிற பாங்கு கேட்டது. எழுந்து தண்ணீர் தேடவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

அவன் திரும்பி வந்தான். ஒரு தண்ணீர்ப் போத்தலையும் மீன் அடைத்த பணிஸ் ரொட்டி ஒன்றையும் வாங்கில் வைத்தான்.

"பாங்கு சொல்லிட்டாங்க. குடியுங்க. உங்களையும் தூக்கிக் கட்டில்ல போட என்னால ஏலா," என்றான். கோபம் குறைந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கும்போது அழுதுவிட்டேன்.

ஒரு நாள் வைத்துப் பார்த்து அவளை அனுப்பிவிட்டார்கள். கொஞ்சமாகத் தின்றது, கழுவிச் சமைத்தது, நேரத்தோடு வந்தது எல்லாம் சேர்ந்து காப்பாற்றியதாக டொக்டர் சொன்னாராம். அதற்குள் என் கணவரும் வந்து சேர்ந்திருந்தார். "ஒரு சொல்லுச் சொல்லாம ஏன் புடுங்கின?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள், "நானும் ஒரு சொல்லுச் சொல்லாமத்தானே நட்டுட்டுப் போன," என்று அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

நெருப்புப் பெட்டி அந்த அவசரத்தில் எங்கே போனதென்று தெரியாது. பூச்சிக்காகக் கவலைப்பட அன்று நேரமும் இருக்கவில்லை. மூன்று நாள் கழித்து, தேசிக்கன்றில் ஒரு ஈ பயமில்லாமல் மேலும் கீழும் நடப்பதைக் கண்டேன். அன்றைக்குத்தான் அதற்காக அழுதேன்.

அந்தப் பெண் இன்றும் எங்கள் தோட்டத்துக்கு வருகிறாள். என் கணவர் பக்கத்தில் நின்றாலும் அவரிடம் கேட்கமாட்டாள். வேலியிலிருந்தே, "அக்கா, கீரை புடுங்கலாமா?" என்று என்னைப் பார்த்துத்தான் சத்தமாகக் கேட்பாள். எனக்குத் தெரிந்திருந்தாலும், கணவரிடம் மறுபடி ஒருமுறை விசாரித்துவிட்டு, அதே சத்தத்தில் பதில் சொல்வேன். என் வாய்ச்சொல்லை நம்பி அவள் குனிகிற ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறத்தான் செய்கிறது. அந்தப் பதற்றம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் நான் துஆக் கேட்கிறேன்.