எரியாத டெஸ்டர்

அன்றிரவு சங்குக் கிடங்கில் இருந்தவர்கள்: நான், வாட்ச்மேன் பர்னபாஸ் அண்ணாச்சி, வயர்மேன் கிருபாநிதி. 1974, ஆடி மாதம், தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டவன். கிடங்கில் இரவு வேலை. பதினொன்றே காலுக்கு ட்யூப் லைட் இரண்டு முறை துடித்து அணைந்தது. உப்புக்காற்று வயரைத் தின்றுவிடும் ஊர் இது. மதியமே லைட் மினுங்கியதால் கிருபாநிதிக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பதினொன்று நாற்பதுக்கு வந்தான். காலில் செருப்பில்லை. சட்டையில் கருகிய வாடை.

"என்னலே, அடுப்புக்குள்ளயா படுத்துக் கெடந்த?" என்றார் அண்ணாச்சி.

வாயாடி அவன். அன்று நேரே சுவிட்சுப் பலகைக்குப் போனான்.

நான் அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். சுவிட்சுப் பலகையைக் கழற்றினான். உள்ளே வயர் அறுந்து இரண்டு முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. டெஸ்டரை மேல்முனையில் வைத்தான். கட்டைவிரல் அதன் தலையில். உள்ளிருக்கும் குட்டி பல்பு எரியவில்லை.

"கரண்டு இல்ல. ரெண்டு முனையும் புடி. நான் முறுக்குதேன்."

டெஸ்டர் எரியாவிட்டால் கரண்ட் இல்லை. ஊரே நம்புவது அதைத்தான். நான் கையை நீட்டினேன்.

"பொறுலே. மெயின யாரு அணைச்சா? அந்தப் பெட்டிச் சாவி எங்கிட்டல்லா இருக்கு?"

அண்ணாச்சி டெஸ்டரைப் பிடுங்கி அதே முனையில் வைத்தார்.

எரிந்தது. சிவப்பாக...

நான் வாங்கி வைத்தேன். எரிந்தது.

கிருபாநிதி வைத்தான். இருட்டு.

ஒரே வயர். ஒரே டெஸ்டர்.

அப்போதுதான் வகுப்பில் கேட்டது உறைத்தது. டெஸ்டர் தானாக எரியாது. வைத்திருப்பவனின் விரல் வழியாகத் துளி கரண்ட் உடம்பில் இறங்கித் தரைக்குப் போக வேண்டும். உயிருள்ள யார் பிடித்தாலும் எரியும்.

"புடிலே," என்றான் கிருபாநிதி. கிட்டே வந்தான்.

மணி பன்னிரண்டாகப் பத்து நிமிடம்.

அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தார்.

பின்னால் வெறுங்கால்... தப்... தப்...

காலையில்தான் செய்தி வந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு, மாப்பிள்ளையூரணியில், ஒரு கம்பத்தின் மேல் கிருபாநிதி கருகிச் செத்திருந்தான். கீழே நின்றவன் "கரண்டு இல்ல, புடி" என்றானாம். நம்பிப் பிடித்திருக்கிறான்.

இரவில், வாசலுக்கு வெளியே பாய்ந்தபோது எங்களுக்கு அது தெரியாது.

"ஏலே... லைட்டு வேண்டாமா?" உள்ளிருந்து கேட்டான்.

அண்ணாச்சி கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டினார்.