வெளியே நின்ற நரி

கூண்டில் விழும் நரிக்குக் கூண்டுக்காரர் கொடுக்கும் கெடு மூன்று நாள். தண்ணீர் மட்டும் வைப்பார். முதல் நாள் கம்பியைக் கடிக்கும். இரண்டாம் நாள் முறைக்கும். மூன்றாம் நாள் தலையைத் தூக்காது. பிறகு இரும்புத் தடியால் ஒரே அடி. கோழிப் பண்ணையில் பன்னிரண்டு வருடமாக இதுதான் வழக்கம்.

வெல்டிங் பட்டறை வைத்து நொடித்துப்போனவர் அவர். கூண்டுகள் அவர் கைவேலை. கம்பிக்குக் கம்பி இரண்டு விரல் இடைவெளி. “எலி வேணா போய் வரட்டும், நரி மூக்குகூட நுழையாது” என்பார்.

தம்பி விஷயத்திலும் அதே கறார். தாய் தகப்பன் போனபின் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. குடித்துவிட்டு ஒருவன் மண்டையை உடைத்துச் சிறைக்குப் போய் ஒன்றரை வருடமாகிறது. இவர் எட்டிப் பார்க்கவில்லை.

“ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வாங்களேன்” என்று மனைவி ஆரம்பத்தில் கேட்டாள்.

“உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கட்டும். இந்த வீட்ல அவன் பேச்சை எடுக்காதே.”

அவளும் எடுக்கவில்லை. புதன்கிழமை தோறும் நோயாளியான தன் அக்காவைப் பார்க்கப் போவாள். மாலையில் திரும்பி வந்து வேலையைப் பார்ப்பாள்.

வழக்கமாக நரி விழுந்ததும் கூண்டைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவார்கள். இந்த முறை கொட்டகையில் சுண்ணாம்பு அடிக்கும் வேலை நடந்ததால் கூண்டு வேலியோரமே கிடந்தது. உள்ளே ஒரு கிழட்டு ஆண் நரி. மூன்றாம் நாள் காலை தடியோடு போனவர் நின்றுவிட்டார். நரி நாலு காலில் நின்றுகொண்டிருந்தது. வயிறு ஒட்டவில்லை. காலடியில் எலியின் வாலும் நாலைந்து இறகும் கிடந்தன.

காவல்காரனைக் கூப்பிட்டார். “ஏம்ப்பா, நீ இதுக்கு விருந்து வைக்கிறியா?”

“எனக்கே என் பொண்டாட்டி வைக்கிறதில்ல. நரிக்கு நான் வைக்கப்போறேனா?”

“அப்ப இறகு எங்கேருந்து வந்துச்சு?”

“உங்க கூண்டு, உங்க நரி. என்னை இழுக்காதீங்க அண்ணே.”

மறுநாள் விடியுமுன் தீவன மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். கையில் தடி இருந்தது. திருடனைப் பிடிக்கிற குஷியும் இருந்தது.

வெளிச்சம் வரும் நேரத்தில் வேலிக்கு அடியில் ஒரு பெண் நரி நுழைந்தது. வாயில் பெருச்சாளி. கூண்டருகே அதைப் போட்டு, முன்காலால் அழுத்திக் கிழித்தது. ஒரு துண்டைக் கவ்விக் கம்பியிடுக்கில் வைத்து மூக்கால் தள்ளியது. துண்டு போனது, மூக்கு போகவில்லை. கூண்டின் உட்புறத்தை அரம் போட்டு வழவழப்பாக்கியிருந்தவர் வெளிப்புறத்தை அப்படியே விட்டிருந்தார். கம்பி நுனிகள் மூக்கைக் கிழித்தன. பெண் நரி தலையை உதறிவிட்டு அடுத்த துண்டை எடுத்தது. இரண்டு நாளாகத் துரு என்று அவர் நினைத்திருந்த கறை அதே இடத்தில் இருந்தது.

கடைசித் துண்டு வரை உள்ளேதான் போனது. அது ஒரு வாய்கூடத் தின்னவில்லை. அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். பட்டினி போட்டது உள்ளே இருந்ததை. காய்ந்துகொண்டிருந்தது வெளியே இருந்தது.

பன்னிரண்டு வருடமாகக் கொட்டகைச் சுவரை இரவெல்லாம் பிறாண்டிய நரிகள் கோழிக்கா வந்தன? கோழிகள் அந்தப் பக்கம் இல்லையே. இது எப்படி ஒரு நாள்கூடத் தோன்றவில்லை?

எழுந்து போய்க் கொக்கியைத் தூக்கினார். பெண் நரி வேலிவரை ஓடி நின்றது. கிழடு வெளியே வந்தது. தப்பி ஓடும் என்று பார்த்தால், மெதுவாக நடந்து போய் அதன் மூக்கை நக்கியது.

“நரி எங்கய்யா?” என்றார் காலையில் வந்த பண்ணை முதலாளி.

“போயிடுச்சு.”

“எப்படி? உன்கிட்ட வெல்டிங் கத்துக்கிட்டு அறுத்துச்சா?”

இவர் தடியைச் சுவரில் சாத்தினார்.

“சரி, நீயும் அது பின்னாடியே போயிடு. நாளைலேர்ந்து இங்க வராதே.”

வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் சனிக்கிழமை; சிறையில் பார்வையாளர் நாட்களில் ஒன்று. கூண்டுக்குக் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். மனு எழுதிக் கொடுத்து, சோதனை முடிந்து, கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றார். இரண்டு பக்கமும் ஆட்கள் அவரவர் சொந்தத்தைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். “என்னடா, மெலிஞ்சுட்டே” என்பதில் தொடங்கலாம்.

தம்பி மெலியவில்லை. அவரைப் பார்த்ததும் முகம் வெளிறி ஓடிவந்து வலையைப் பிடித்தான்.

“அண்ணிக்கு என்ன ஆச்சு?”

அவருக்குப் புரியவில்லை.

“சொல்லுண்ணே! புதன்கிழமை வந்தப்ப நல்லாத்தானே இருந்தாங்க? ஒரு வாரம்கூட வராம இருந்ததில்லையே. அவங்களுக்கு ஏதாவது ஆச்சா?”

“அவளுக்கு... ஒண்ணுமில்லடா. நல்லா இருக்கா.”

தம்பி மூச்சை விட்டான். அப்புறம்தான் அவரைச் சரியாகப் பார்த்தான்.

“அப்ப நீ எதுக்கு வந்தே?”

கூண்டுக்காரர் வலையை நெருங்கினார். விரல்கள் தாமாக வலையைத் தடவின. அவர் நின்ற பக்கம், கை படும் உயரத்தில், கம்பி தேய்ந்து வழவழவென்றிருந்தது.